கோடு விழுந்த பெயர்கள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் ஒவ்வொரு கிழமையும் இதைச் சொல்வதில்லை, இந்தக் கிழமை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ர’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். என் தாள்களைப் பார்த்துக் கணினியில் அடிக்கும் தங்கச்சி வழக்கமாகப் பிழைகளைத் திருத்திவிடுவார். இந்த முறை அவர் கூடுதலாகக் கஷ்டப்படப் போகிறார். மூன்று தரம் எழுதிக் கிழித்து, நான்காவது தரம் எழுதுகிறேன்.

வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். “உங்கள் முதல் வேலை அரிசி ஆலை என்று எழுதினீர்கள். ஆனால் அதே அத்தியாயத்தில், ‘முந்திய வேலையை விட்டு வந்த புதிதில்’ என்று ஒரு வரி வருகிறது. அந்த முந்திய வேலை என்ன?” என்று கேட்டிருந்தார்.

அவர் கவனித்துவிட்டார். நான் வேண்டுமென்றுதான் தாண்டிப் போனேன்.

தேங்காய்ப்பூக் கை

குளத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றம். காலை ஒன்பது மணி இருக்கும். கிறவல் ரோட்டில் எங்கள் பழைய ஒஸ்ரின் கார் மாட்டு வண்டி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிப் புனல்கள். முன் சீற்றில் மைக்கைப் பிடித்தபடி நான்.

ஒரு வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றார். முப்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

“தம்பி, திருப்பி ஒருக்கா வாசியுங்கோ” என்றார். “கணேசன் எண்டதுக்குப் பிறகு கரகரத்துப் போச்சு. என்ர பேர் கேக்கேல்ல.”

கரகரக்கவில்லை. அவருடைய பெயரை நான் சொல்லவில்லை.

குரலுக்கு ஊர் கிடையாது

போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம் அது. எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அதுவரை தோட்டங்களில் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் புல்லு வெட்டு, ஒரு நாள் மிளகாய் ஆய்தல். அதையெல்லாம் யாரும் வேலை என்று சொல்வதில்லை. ‘இன்ன வேலை செய்கிறேன்’ என்று சொல்லக்கூடியதாக முதலில் கிடைத்தது இதுதான்: புதுக்குடியிருப்பில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நவம் அண்ணையிடம் அறிவிப்பாளர்.

கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் பாட்டுப் பெட்டி கட்டுவார். ஆனால் எனக்குத் தந்தது மரண அறிவித்தல். யாராவது இறந்தால் ஊர் ஊராகக் காரில் போய்ச் சொல்ல வேண்டும்.

நாலு பேருக்கு முன்னால் நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான். பிறகு எப்படி இந்த வேலை என்று கேட்பீர்கள். காருக்குள் இருப்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. மைக்கைப் பார்த்துப் பேசினால் போதும், மனிதரைப் பார்க்கத் தேவையில்லை. குரல் நன்றாக இருந்தது. நவம் அண்ணை ஒரு கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைச் சரிபார்க்க என்னை ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ சொல்ல விட்டுக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தது. வீட்டில் நாங்கள் ‘ஆமா’ என்போம், வெளியில் நான் ‘ஓம்’ என்பேன். எவ்வளவுதான் பழகினாலும் கோபம் வந்தால், பயந்தால், வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிடும். வந்தால் எதிரில் நிற்பவரின் முகம் ஒரு மாதிரி மாறும். மைக்கில் அந்தப் பயம் இல்லை. ‘அன்னாரின் இறுதிக்கிரியைகள்’ என்று சொல்லும்போது யாழ்ப்பாணத்தானும் மலைநாட்டானும் ஒரே தமிழ்தான் பேச வேண்டும்.

நவம் அண்ணைக்கு நான் எங்கிருந்து வந்தவன் என்று தெரியும். “மைக்கில உனக்கு ஊர் இல்லையடா. அது நல்லதுக்குத்தான்” என்று ஒரு தரம் சொன்னார்.

வாசிக்கத் தெரியாத வாசிப்பு

நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். மைக்கில் எழுத்துக்கூட்ட முடியுமா? ஆகவே நவம் அண்ணை தாளை இரண்டு தரம் வாசிக்க, நான் மனப்பாடம் செய்துகொள்வேன். தாள் கையில் இருக்கும், ஒரு தைரியத்துக்கு.

சனங்கள் நன்றாகக் கேட்பார்கள். ஒரு கிழவி படலையில் நின்று, “போன கிழமை செத்த மனிசனுக்கு ஆறுதலா வாசிச்சனீர். இண்டைக்கு ஏன் இந்த ஓட்டம்? இவர் என்ன, குறைஞ்ச ஆளே?” என்று கேட்டாள். இன்னொருவர் காரை நிறுத்தி முழுவதும் கேட்டுவிட்டு, “ஆளை எனக்குத் தெரியாது. ஆனா நீர் வாசிச்ச மாதிரிக்குப் போகத்தான் வேணும்” என்றார். நவம் அண்ணை நாள் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்.

அறிவித்தலில் முக்கியம் செத்தவர் பெயர் மட்டும் அல்ல. இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார் என்று வருகிற வரிசைதான் முக்கியம். யார் முன்னால், யார் பின்னால், யார் விடுபட்டார் என்று ஊர் காது கொடுத்துக் கேட்கும். பெயர் வந்தால் செத்தவீட்டில் இடம் உண்டு. தலைமாட்டில் இருந்து அழலாம், வாய்க்கரிசி போடலாம், பிள்ளைகள் பந்தம் பிடிக்கலாம். பெயர் வராவிட்டால் வேலியோடு நிற்க வேண்டியதுதான்.

படலையடியில்

அன்றைக்குச் செத்தவீடு உடையார்கட்டுப் பக்கம். கந்தையா என்ற பெரியவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் ஆக்கிய முதல் ஆட்களில் ஒருவர்.

அவருடைய மனைவி இராசம்மா நிலத்தில் பாயில் இருந்தபடி பெயர்களைச் சொன்னா. நவம் அண்ணை எழுதினார். “கணேசன், தவமலர், ஈஸ்வரி, குமரன். நாலு பேர்” என்றா. மருமக்களையும் வரிசையாகச் சொன்னா. அதில் மருதமுத்து என்ற பெயர் வந்தது. அது எங்கள் மலைநாட்டு ஆட்கள் வைக்கிற பெயர். நான் குனிந்துகொண்டேன்.

நாங்கள் எழும்பும்போது, “தம்பி, குளத்துக்கு அங்கால குடியேற்றத்துக்கும் போங்கோ. மறந்திடாதையுங்கோ” என்றா.

புளியமரத்தடியில் நவம் அண்ணை இரண்டு தரம் வாசித்தார். எனக்குப் பாடமாகிவிட்டது. காரில் ஏறப் போகும்போது மூத்த மகன் கணேசன் படலையடிக்கு வந்து தாளைக் கேட்டார். கோயில் நிர்வாகத்தில் இருந்த ஆள். திருவிழாவுக்கு எந்த ஒலிபெருக்கி என்று முடிவு செய்பவரும் அவர்தான்.

“இதென்ன, இவளின்ர பேரும் கிடக்கு?”

“அம்மா சொன்னவா” என்றார் நவம் அண்ணை.

“அம்மா அழுதுகொண்டு ஆயிரம் சொல்லுவா. தோட்டக்காட்டானோட ஓடினவளின்ர பேரை ரோட்டு ரோட்டாக் கூவப் போறியளே?”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, காரின் பொனற்றில் தாளை வைத்து, தவமலர் என்ற பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். மருமக்கள் வரியில் மருதமுத்துவுக்கு இன்னொரு கோடு. பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

“என்ன தம்பி, நான் சொல்லுறது சரிதானே?”

“ஓம் அண்ணை” என்றேன்.

நவம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. காரை ஸ்ராட் செய்தார்.

விழுங்கிய பெயர்

பாடமாக்கியதை மறப்பது கஷ்டம். “கணேசன்” என்று சொன்னதும் என் நாக்கு தானாக அடுத்த பெயருக்குப் போகும். அதை விழுங்கிவிட்டு “ஈஸ்வரி” என்பேன். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு சந்தியிலும் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளியில்தான் தன் பெயர் இருந்தது, மைக் கரகரத்ததால் கேட்கவில்லை என்று தவமலர் அக்கா நினைத்தார்.

அப்பா செத்ததையே அவர் அந்தப் புனலில் வந்த என் குரலில்தான் முதன்முதல் கேட்டிருக்கிறார். யாரும் ஆள் அனுப்பவில்லை. ஆனாலும் அவர் அழவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு அழலாம் என்று நின்ற மாதிரி நின்றார்.

கார் சூடாகியிருந்தது. நவம் அண்ணை தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். நான் தனியே இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மைக்கை எடுத்து முழுவதையும் திரும்பச் சொன்னேன். பத்தடி தூரத்தில் நின்ற ஒரு ஆளுக்காக ஒலிபெருக்கியில் சொன்னேன். கணேசன், ஈஸ்வரி, குமரன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்.

அவர் கடைசி வரி வரை கேட்டார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்தேன்.

“அந்தப் பேப்பரில என்ர பேர் இல்லையா தம்பி?”

தாள் என் மடியில் இருந்தது. ஒற்றைக் கோடுதான். கோட்டுக்குக் கீழே பெயர் முழுசாகத் தெரிந்தது. நான் அதை இரண்டாக மடித்துத் தொடைக்குக் கீழே வைத்தேன்.

“இல்லை அக்கா. தந்ததைத்தான் வாசிக்கிறன்.”

“பேர் குடுத்தது ஆர்? அண்ணையோ, அம்மாவோ?”

“அம்மாதான் சொன்னவா” என்றேன்.

அது உண்மை. அதனால்தான் அது மிகப் பெரிய பொய்.

அந்த நேரம் அவருடைய புருசன் வெளியே வந்தார். தோளில் துவாய். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் ஊருக்கு வந்து போகிறவர், என் அப்பாவோடு மரம் அரிந்தவர்.

“நீ நம்ம வேலு மகன்தானே? மைக்குல நீயா பேசுற?”

“இல்லை. நான் புதுக்குடியிருப்பு” என்றேன்.

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, “சரிங்க தம்பி” என்றார். ‘நீ’ என்று தொடங்கியவர் ‘ங்க’ போட்டு முடித்தார். மனைவியின் கையைப் பிடித்தார். “வா தவம். அவுங்க குடுத்ததத்தானே அவரு படிப்பாரு.”

தண்ணீரோடு திரும்பிய நவம் அண்ணை, “என்ன பிரச்சினை?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் மருதமுத்து அண்ணன். “எத்தன மணிக்கு எடுக்கிறாங்கன்னு கேட்டுச்சு.”

நான் என் அப்பாவையே மறுத்ததைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு சொல் போதும். அவர் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. தாளைக் காட்டினால், ‘தங்கட ஆளுக்காகக் காட்டிப்போட்டான்’ என்று கணேசன் சொல்வார், அப்போது நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதுதான் பயம்.

செத்தவீட்டில்

மறுநாள் செத்தவீட்டில் தேவாரம் போடும் வேலையும் எங்களுடையது. ஒலிநாடாவை மாற்றிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன்.

சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் இராசம்மா படலையைப் பார்த்தா. ஐயர் அவசரப்படுத்தினார். “கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ” என்றா. பிறகு பெண்களுக்கு நடுவிலிருந்து எழும்பி என்னிடம் வந்தா.

“தம்பி, அங்கால போனனீங்களே?”

“ஓம் அம்மா.”

“அவளின்ர பேரையும் சொன்னனீரே?”

“ஓம்” என்றேன்.

“அப்ப வருவாள்” என்றா.

வரவில்லை. பின்னேரம் எடுத்தார்கள்.

பிறகு செய்த வேலைகள்

இரண்டு கிழமையில் தொண்டை சரியில்லை என்று சொல்லி விலகினேன். நவம் அண்ணை நம்பவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அரிசி ஆலை. நெல் அவிக்கும் இடத்தில் யாரும் கதைப்பதில்லை, நீராவிச் சத்தம்தான். அதைப் பற்றி எழுதிவிட்டேன். பிறகு இடப்பெயர்வு, முகாம். திரும்பி வந்து மேசனுக்குச் சாந்து குழைத்தேன். கொஞ்சக் காலம் கொக்கிளாயில் கருவாட்டு வாடியில் நின்றேன். எண்ணிப் பார்த்தால், நான் எடுத்த வேலையெல்லாம் வாய் திறக்கத் தேவையில்லாத வேலை.

இடுப்பு ஏலாமல் போன பிறகுதான் புதுக்குடியிருப்புச் சந்தையில் ஒரு மரக்கறி மேசை போட்டேன். இப்போது ஏழெட்டு வருடம்.

இராசம்மா முகாம் காலத்தில் வவுனியா ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றேன். சொன்னவர் சும்மா செய்தியாகச் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகவில்லை.

மேசைக்கு வந்த ஆள்

போன வருடத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் மரக்கறி வாங்க வரத் தொடங்கினா. தலை நரைத்திருந்தது. கைகளைப் பார்த்தபோதுதான் தவமலர் அக்கா என்று எனக்குத் தெரிந்தது. அவவுக்கு என்னைத் தெரியவில்லை. அன்றைக்கும் அவ என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைத்தான் பார்த்தா.

ஒரு தரம் மட்டும், “உம்மட குரல் எங்கயோ கேட்ட மாதிரிக் கிடக்கு” என்றா. “சந்தையில கத்துற குரல் எல்லாம் ஒரு மாதிரித்தானே அம்மா” என்று சொல்லிவிட்டேன். மறுபடியும்.

இந்தச் சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கிழமை, எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற மாதிரி அவவிடமும் கேட்டேன். “அம்மா, பறுவம் வருது. விரத மரக்கறி எடுத்து வைக்கட்டோ?”

இங்கே தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையும், தாயை இழந்தவர்கள் சித்திரைப் பறுவமும், அதாவது சித்திரைப் பௌர்ணமி விரதமும், பிடிப்பது வழக்கம். அது தெரிந்துதான் கேட்டேனா, தெரியாமல் கேட்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

“எங்கட வீட்டில பறுவம் இல்லைத் தம்பி” என்றா. “அப்பாவுக்கு மட்டும் அமாவாசை பிடிக்கிறனான். அம்மா என்னைப் பிள்ளையெண்டு சொல்லேல்ல. நான் ஏன் அவாவைத் தாயெண்டு சொல்லவேணும்?”

சொல்லிவிட்டு வெண்டிக்காயை முறித்துப் பார்த்து எடுத்தா, முற்றலா என்று.

அன்று முழுக்க நான் நிறுத்ததெல்லாம் பிழை. பக்கத்து மேசை பூமணி அக்கா, “என்ன, காய்ச்சலே?” என்று கேட்டா.

சொன்னது

மறுநாள் மத்தியானம் மேசையைப் பூமணி அக்காவிடம் விட்டுவிட்டுக் குளத்துக்கு அப்பால் போனேன். அதே வளவு, புதிய கல்வீடு. தவமலர் அக்கா சுளகில் உளுந்து புடைத்துக் கல்லுப் பார்த்துக்கொண்டிருந்தா. மருதமுத்து அண்ணன் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

நின்றபடி சொன்னேன். தாள், இரண்டு கோடுகள், தொடைக்குக் கீழே வைத்தது, செத்தவீட்டில் தாய் என்னிடம் கேட்டது, நான் ஓம் என்றது. எல்லாவற்றையும் சொன்னேன்.

சுளகு அசையாமல் இருந்தது.

“அம்மா என்ர பேரை எத்தினையாவதாச் சொன்னவா?”

“ரெண்டாவதா. கணேசன் அண்ணைக்கு அடுத்ததா.”

“இவரின்ர பேரும் சொன்னவாவோ?”

“சொன்னவா. மருமக்களில முதல் பேர் அண்ணன்ட பேர்தான்.”

மருதமுத்து அண்ணன் எழும்பினார். கிணற்றடிப் பக்கம் போனார்.

அக்கா என்னைப் பார்த்தா. “அண்ணை பேரை வெட்டினது எனக்குப் புதினம் இல்லை. அவன் அப்பிடித்தான். நீர் ஏன் சொல்லேல்ல? உமக்கு நான் என்ன செய்தனான்?”

நான் வாயைத் திறக்குமுன் கிணற்றடியிலிருந்து பதில் வந்தது.

“அவரு நம்ம வேலு மகன் தவம். அன்னைக்கே தெரியும் எனக்கு.”

“தெரிஞ்சும் நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“பொழைக்கிற புள்ள. ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். பேப்பர்ல பேரு இருந்துச்சுன்னு எனக்கு எங்க தெரியும்?”

அவ உளுந்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தா. பிறகு சுளகை நிலத்தில் வைத்தா.

“அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கிறா எண்டு அறிஞ்சனான். நாங்களும் அந்த முகாமிலதான் இருந்தனாங்கள். பாஸ் எடுத்துப் போயிருக்கலாம். போகேல்ல. கூப்பிடாத ஆளிட்ட ஏன் போவான் எண்டு இருந்தனான்.”

எனக்கு அது தெரியாது. அந்த முகாமில் அவர்களும் இருந்தது எனக்குத் தெரியாது. நானும் அங்கேதான் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருந்தால் நேரம் இருந்திருக்கும்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று சொல்லத் தொடங்கினேன்.

“எழும்பிப் போம்” என்றா, நான் நின்றுகொண்டிருந்தபோதும். “இனி ஒண்டும் சொல்லாதையும். போம்.”

போனேன். அதற்குப் பிறகு அவ சந்தைக்கு வரவில்லை.

நேற்று

நேற்றுக் காலை மருதமுத்து அண்ணன் வந்தார். என் மேசையைத் தாண்டிப் போய்ப் பூமணி அக்காவின் மேசையில் நின்றார். பூசணிக்காயில் ஒரு கீறு, வாழைக்காய், பயற்றங்காய், கத்தரிக்காய், ஒரு தலைவாழை இலை. எல்லாம் என்னிடமும் இருந்தன. என் பூசணி நேற்று அவவுடையதைவிட நல்லது.

“என்ன அண்ணை, விசேசமோ?” என்று பூமணி அக்கா கேட்டா.

“வீட்ல மாமியாருக்காக வெரதம்” என்றார். “மொத தடவ. என்னென்ன வைக்கணும்னு அதுக்கே சரியாத் தெரியல. நீங்களே பாத்துப் போடுங்க.”

பூமணி அக்கா தேங்காய் ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்தா. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது என்னைப் பார்த்தார். நான் எழும்பி நின்றேன். அவர் தலையை ஆட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நடந்து போனார்.

இன்று நான் மேசை போடவில்லை. இந்நேரம் அந்த வீட்டில் இலை விரித்திருப்பார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. தாள்களை எடுத்து வைத்து இதை எழுதினேன், அவர்கள் இருவரின் பெயரையும் வரிசைப்படி போட்டு.

சித்திரைப் பறுவம், மத்தியானம்.